நொடிக்கு எத்தனை படம்?

சென்ற திங்கள் மட்டாஞ்சேரியில் நம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சங்கத்தின் இணையப் பக்கத்திற்கென அசையும் படம் ஒன்று வரைந்தனர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் சிறார்க்குத் தமிழ் மெய்யெழுத்துப் பதினெட்டையும் எழுதிக் காட்டும் நான்கு நிமிடப் படம் அது. அதற்குரிய குரல், இவ்வகுப்பை நெடுநாள் நடத்திக் காலமான டீச்சரம்மாவினுடையது. வேறு ஒலிப்பதிவு எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை.

சங்கக் கூடத்தில் திரையிட்டோம். தொடக்கத்தில் குறையொன்றும் தோன்றவில்லை. போகப் போகப் படம் குரலை முந்தலாயிற்று. அம்மையார் ‘ற’ என்று சொல்லி முடிக்குமுன்பே திரையில் ‘ன’ எழுதப்பட்டது. பின்னர்ப் படம் தீர்ந்து, வெறுந்திரையில் குரல் மட்டும் ஒலித்தது. அவர் மகளின் முகத்தை நாம் ஏறிட்டுப் பார்க்கத் துணியவில்லை.

நாம் ரெயில்வேயில் கணக்கெழுதுபவராதலின் தாளும் பென்சிலும் எடுத்தோம். பிள்ளைகள் நொடிக்கு 24 பிரேம் எனக் கொண்டு வரைந்திருந்தனர். 240 நொடிக்கு 5,760 பிரேம். (ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது கார்ட்டூன் கலைஞரின் பழைய சிக்கனம், பிள்ளைகளும் அதைக் கற்றிருந்தனர்.) ஆனால் படங்களைக் கோத்த மென்பொருளில் வேகம் 25 என்றிருந்தது. 5,760ஐ 25ஆல் வகுத்தால் 230.4 நொடி. 9.6 நொடி மாயமாயிற்று!

இவ்வெண்களுக்கு வரலாறு உண்டு. ஊமைப்படக் காலத்தில் கையாற் சுழற்றிய காமிராவுக்கு நிலையான வேகம் கிடையாது. படத்தோடு ஒலி சேர்ந்ததும், வேகம் பிசகினால் குரலும் பிசகுமாதலின், 24 என்று நிலைநிறுத்தினர். பின்பு வந்த தொலைக்காட்சி மின்சாரத்தைப் பின்பற்றிற்று. நம் நாட்டில் நொடிக்கு 50 சுழற்சி. ஆகவே 25 பிரேம். அமெரிக்காவில் 60 சுழற்சி, ஆகவே 30. அங்கே 1953இல் வண்ணம் சேர்த்தபோது அதுவும் 29.97 ஆயிற்று. இத்தனை எண்களும் இன்று ஒரே மென்பொருளில் வரிசையாய் நிற்கின்றன. பார்த்துத் தொடாவிட்டால் இப்படித்தான்.

இளைஞரொருவர் எளிய வழி சொன்னார்: குரலையும் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவுபடுத்தலாமே! செய்து கேட்டோம். பொருந்திற்று. ஆயின் சுருதி சற்றே ஏறி, அந்த ‘ழ’ வேறொருவர் நாவிற் பிறந்தது போலிருந்தது. “இது எங்கள் அம்மா அல்லவே,” என்றார் மகள். சுருதி மாறாமல் விரைவுபடுத்தும் கருவியும் உண்டு. ஆயினும் ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் நிறுத்தும் அந்த நிதானம் யாருடையது? வேண்டாமென்று விட்டோம்.

மற்றொருவர் கோப்பின் பெயர்வாலை மாற்றிப் பார்த்தார்! எம்.பி.4, வெப்எம் என்பன வேகன்கள். எச்.264, வி.பி.9 என்பன உள்ளே சரக்கை மூட்டை கட்டிய முறைகள். வேகன்மேல் சாக்கட்டியால் வேறு பெயர் எழுதினால் உள்ளிருக்கும் சரக்கு மாறுமா? முறையாக மாற்றினாலும், இறக்கி ஏற்றுந்தோறும் மூட்டை சிந்துவது போல, ஒவ்வொரு மறுசுருக்கத்திலும் படத்தின் தெளிவு சிறிது சிந்தும். ஜிஃப் என்பதோ ஒலியே ஏற்றாத வண்டி. அது நமக்கு உதவாது.

ஆதலின் முடிந்த கோப்பைத் தொடாமல் மூல ஓவியங்களுக்கே திரும்பினோம். வேகத்தை 24 எனக் குறித்து, குரலை இருந்தவாறே வைத்து, எச்.264 முறையில் எம்.பி.4 ஆக ஒரே முறை எடுத்தோம். ஓவியங்களும் குரலும் இப்போது இரு வேறு இல்லங்களில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன.

படம் வரும் மூன்றாம் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடத்தில் மீண்டும் காட்டப்பெறும். பெரியோர் பேச்சைக் கைப்பேசியில் வீடியோவாகப் பதிந்து வைத்திருப்போர் கொணர்க. கைப்பேசியின் பிரேம் வேகம் பெரும்பாலும் ஒரே சீராய் நில்லாது. முதலில் அதை நிலைப்படுத்திக்கொண்டே பிள்ளைகள் படம் வரையத் தொடங்குவர்.