நடவு வயல் வீடியோவுக்கு டாலர் வருமா? ஸ்டாக் போட்டோ விற்பனையில் கிடைப்பது என்ன, கொடுப்பது என்ன?

சம்பா நடவு தொடங்கிவிட்டால் திருவாரூர் - மன்னார்குடி சாலையில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். பைக்கை ஓரங்கட்டிவிட்டு, வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்களைப் போனில் பிடித்துக்கொண்டிருப்பார்கள் இளைஞர்கள். பெரும்பாலும் அந்த வீடியோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 24 மணி நேரம் இருந்துவிட்டுக் காணாமல் போகும்.

'அதை ஏன் சும்மா போடுறீங்க, டாலருக்கு வித்துடுங்க' என்று சொல்லும் ரீல்ஸ் இப்போது ஏராளம். கேமரா இருந்தால் போதும், தூங்கும்போதும் காசு வரும் என்கிறார்கள். (அந்த வீடியோக்களுக்குக் கீழே பயிற்சி வகுப்புக்கான லிங்க் ஒன்றும் ஒட்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.) இதில் எவ்வளவு உண்மை? டெல்டாவில் இருந்துகொண்டு படம் விற்க முடியுமா? அந்த வீடியோவில் இருக்கும் பெண்களுக்கு இதில் என்ன பங்கு?

ஸ்டாக் ஏஜென்சி என்றால் என்ன?

ஒரு வங்கி 'விவசாயக் கடன்' பற்றி விளம்பரம் செய்கிறது. அதற்காக ஒரு போட்டோகிராபரை வயலுக்கு அனுப்பினால் செலவு அதிகம், நாளும் ஆகும். அதனால் விளம்பர நிறுவனம் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், கெட்டி இமேஜஸ், ஐஸ்டாக், அலாமி போன்ற தளங்களில் 'இந்திய விவசாயி' என்று தேடி, ஏற்கெனவே யாரோ எடுத்து வைத்த படத்துக்குப் பணம் கட்டி எடுத்துக்கொள்ளும். வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. படம் எடுத்தவருடையதாகவே இருக்கும். அதே படத்தை இன்னும் ஆயிரம் பேருக்கு விற்கலாம். நெல்லை ஒருமுறைதான் விற்க முடியும். இந்த வியாபாரத்தின் கவர்ச்சியே இங்குதான்.

இந்தத் தொழில் புதிதல்ல. மும்பையில் டினோடியா என்ற படக்களஞ்சியம் 1980களிலேயே ஃபிலிம் ஸ்லைடுகளை வைத்து நடந்தது. அப்போது படங்களின் எண்ணிக்கை குறைவு, விலை அதிகம், உள்ளே நுழைவது தொழில்முறைக் கலைஞர்களுக்கே கஷ்டம். இணையம் வந்ததும் கணக்கு தலைகீழானது. 2000ஆம் ஆண்டு கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக்போட்டோ தொடங்கியது. 2003இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் தானே எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். மாதச் சந்தா கட்டினால் படங்களை அள்ளிக்கொள்ளலாம் என்ற முறை வந்தது. யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம் என்றானது. படம் மலிவானது.

சரி, கைக்கு எவ்வளவு வரும்?

ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் 1 முதல் ராயல்டி முறையை மாற்றியது. ஒரு படம் டவுன்லோடு ஆனால் அதன் விலையில் 15 முதல் 40 சதவீதம் வரை எடுத்தவருக்கு. ஆண்டின் முதல் 100 டவுன்லோடு வரை 15 சதவீதம். 40 சதவீதத்தைத் தொட 25,000 டவுன்லோடைத் தாண்ட வேண்டும். ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடியும் 15 சதவீதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சந்தா வழியாகப் போகும் படத்துக்கு 10 சென்ட் மட்டும் கிடைப்பது சகஜம். அப்போது உலகம் முழுக்கப் பல போட்டோகிராபர்கள் எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தினார்கள். முறை மாறவில்லை. அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35 சதவீதம்.

உள்ளூர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 சென்ட் என்பது எட்டரை ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்த ஒருநாள் கூலியை எட்ட ஒரு படம் 40 தடவை டவுன்லோடு ஆக வேண்டும். அதோடு, கணக்கில் 25 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை எடுக்கவே முடியும். பத்துப் பத்து சென்ட்டாகச் சேர்த்தால் அதற்கு 250 டவுன்லோடு.

வீடியோ கிளிப்புக்கு விலை கூடுதல், போட்டியும் சற்றுக் குறைவு. ஒரு கிளிப் 5 விநாடி முதல் 60 விநாடி வரை இருக்கலாம். ஆனால் ஒரு கிளிப் விற்க வாரமும் ஆகலாம், வருடமும் ஆகலாம். இதைச் சம்பளமாக நினைத்து வேலையை விடுவது புத்திசாலித்தனம் அல்ல. சில ஆயிரம் படங்கள் சேர்ந்த பிறகு வரும் சிறு உபரி வருமானம் என்று நினைத்தால் ஏமாற்றம் இருக்காது.

வரியையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெரிய தளங்கள் பலவும் அமெரிக்க நிறுவனங்கள். 'டபிள்யூ-8பென்' என்ற படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பித் தராவிட்டால் அமெரிக்காவில் நடக்கும் விற்பனையின் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பினால் இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம். அந்த வருமானத்தை இங்கும் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்கலாம்.

எது விற்கும்?

கமலாலயக் குளத்தில் சூரிய அஸ்தமனம் அழகுதான். ஆனால் குளத்தில் அஸ்தமனம் என்று தேடினால் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கொட்டுகிறது. வாங்குபவர் தேடுவது ஒரு கருத்தைச் சொல்லும் படத்தை. பெட்டிக்கடையில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும் பாட்டி, ஆன்லைன் வகுப்பு பார்க்கும் கிராமத்து மாணவி, வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன், மழையில் நனைந்து முளைவிட்ட நெல் குவியல். இவை டெல்டாவில் தினமும் கண்ணில் படுபவை. மும்பை ஸ்டுடியோவில் செட் போட்டு எடுக்க முடியாதவை.

ஆனால் தளத்தின் சோதனையைத் தாண்ட வேண்டும். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதே கறார்தான். ஃபோகஸ் கொஞ்சம் தப்பினாலும், இருட்டில் எடுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் நிராகரிப்பு. டிராக்டரில் கம்பெனி பெயர் தெரிந்தால் நிராகரிப்பு. சாக்கில் 'நுகர்பொருள் வாணிபக் கழகம்' என்று அச்சிட்டிருந்தால் விளம்பரப் பயன்பாட்டுக்கு ஆகாது. டீக்கடை ஸ்பீக்கரில் சினிமா பாட்டு ஓடியிருந்தால் ஒலியை நீக்கிவிட்டுத்தான் வீடியோவை ஏற்ற வேண்டும், ஏனென்றால் பாட்டு வேறொருவர் சொத்து. பிறகு கீவேர்டு. 'வயல், பச்சை, அழகு' என்று போட்டால் யார் கண்ணிலும் படாது. நடவு, சம்பா, காவிரி டெல்டா, பெண் விவசாயத் தொழிலாளி என்று குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதினால்தான் தேடலில் மேலே வரும்.

அந்தப் பெண்ணிடம் கேட்டாச்சா?

ரீல்ஸில் யாரும் சொல்லாத பகுதி இதுதான். ஸ்டாக் படங்களுக்கு இரண்டு வகை லைசென்ஸ் உண்டு. செய்தி, கட்டுரை, பாடப்புத்தகத்துக்கு மட்டும் பயன்படுவது 'எடிட்டோரியல்'. விளம்பரத்துக்கும் பயன்படுவது 'கமர்ஷியல்'. காசு அதிகம் புரள்வது இரண்டாவதில். அதில் அடையாளம் தெரியும்படி ஒரு முகம் இருந்தால், அவர் கையெழுத்திட்ட 'மாடல் ரிலீஸ்' என்ற ஒப்புதல் படிவம் கட்டாயம். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. படத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் படிவம்.

அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷப்னம் கான் உதாரணம். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த, இந்திய வம்சாவளி எழுத்தாளர். மாணவியாக இருந்தபோது '100 முகங்கள்' என்ற போட்டோ ஷூட்டில் கலந்துகொண்டார். தொழில்முறைப் படம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று, தாளைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சில ஆண்டுகள் கழித்து, கனடாவில் குடியேற்ற விளம்பரம் ஒன்றில் அவர் முகம் சிரித்துக்கொண்டிருப்பதை ஒரு தோழி பார்த்துச் சொன்னார். தேடிப் பார்த்தால் நியூயார்க்கில் கம்பளம் விற்கிறார், கம்போடியாவில் மலையேற்றம் அழைத்துப் போகிறார், பிரான்ஸில் துணை தேடுகிறார். எல்லாமே வேறு வேறு பெயர்களில். 2018இல் இந்தக் கதையை அவரே ட்விட்டரில் எழுதினார். போட்டோகிராபர் கேட்டதும் படத்தை நீக்கிக்கொண்டார். ஏற்கெனவே விற்றுப்போனவற்றைத் திரும்ப வாங்க வழி இல்லை.

ஷப்னம் கான் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் படிவத்தை வயல் வரப்பில் நீட்டினால், சேற்றுக் கையோடு நிற்கும் ஒரு பெண் எதற்குச் சம்மதிக்கிறார்? அவர் முகம் நாளை பூச்சிமருந்து விளம்பரத்தில் வரலாம். அவர் வாக்களிக்காத கட்சியின் போஸ்டரிலும் வரலாமா என்றால், தளத்துக்குத் தளம் விதி வேறுபடும். ஒருவர் ஒரு பொருளையோ கட்சியையோ ஆதரிப்பதுபோலக் காட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, ஆனால் மீறினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அந்தப் பெண்தான்.

படிவமே வாங்காவிட்டால்? ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நினைவில் வைக்கலாம். பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பேசப்படும் அதே தீர்ப்புதான், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமையை மீறும் செயல் என்றும் சொல்கிறது.

குறைந்தபட்ச நேர்மை என்று ஒன்று உண்டு. படிவத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வது, எங்கெல்லாம் முகம் வரலாம் என்று உதாரணம் காட்டுவது, அன்றைய நேரத்துக்கு ஒரு தொகை கொடுப்பது. ஒரு பிரதியை அவரிடமே விட்டுவருவதும் அவசியம். இதெல்லாம் முடியாத இடத்தில் முகம் தெரியாமல் எடுக்கலாம். நாற்றைப் பிடித்த கைகள் மட்டும் இருக்கும் படங்களும் நன்றாகவே விற்கின்றன.

ஆழித்தேர், பறவைகள், கல்யாண வீடியோ

ஆழித்தேரோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். எல்லோரிடமும் கையெழுத்து நடக்காது. அது எடிட்டோரியலாக மட்டுமே போகும், இடமும் தேதியும் சரியாகக் குறிப்பிட வேண்டும். கோயிலுக்குள்ளே போனை எடுக்கும் முன், தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதை மறக்க வேண்டாம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் இரண்டுமே பறவைகள் சரணாலயங்கள், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. விற்பதற்காக ட்ரோனில் எடுப்பதாக இருந்தால், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்குப் பதிவெண்ணும் பறக்கவிடுபவருக்குப் பைலட் சான்றிதழும் தேவை.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று: ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் பழைய கல்யாணப் படங்கள். 'நான் எடுத்தது, நான் விற்பேன்' என்பது சட்டப்படி செல்லாது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே. அதாவது கல்யாண வீட்டார்.

ஏஐ வந்த பிறகு?

2022 டிசம்பர் முதல் ஏஐ உருவாக்கிய படங்களையும் அடோபி ஸ்டாக் விற்பனைக்கு ஏற்கிறது. கெட்டி அதற்குச் சில மாதங்கள் முன்பே அவற்றுக்குத் தடை போட்டுவிட்டது. அழகான பச்சை வயல், சிரிக்கும் விவசாயி போன்ற பொதுவான படங்களுக்குப் போட்டி இனி மனிதர்களிடமிருந்து மட்டும் அல்ல. உண்மையில் நடந்த தேரோட்டத்தையோ வெள்ளத்தையோ ஏஐ எடுத்துத் தர முடியாது. எடிட்டோரியல் படத்துக்கு அந்த மதிப்பு இன்னும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. ஏற்றிய படங்கள் இப்போது ஏஐக்குப் பாடமாகவும் விற்கப்படுகின்றன. ஷட்டர்ஸ்டாக் 2023இல் இப்படி ஏஐ நிறுவனங்களுக்கு உரிமம் தந்ததில் மட்டும் 104 மில்லியன் டாலர் ஈட்டியது. அதில் ஒரு பங்கு படம் எடுத்தவர்களுக்கும் போகிறது. அடோபி தன் 'ஃபயர்ஃப்ளை' ஏஐக்கு ஸ்டாக் படங்களைப் பயன்படுத்திவிட்டு, 2023 செப்டம்பரில் போனஸ் என்று ஒரு தொகை கொடுத்தது. அனுமதி இல்லாமல் படங்களை எடுத்ததாக ஸ்டெபிலிட்டி ஏஐ மீது கெட்டி லண்டனில் தொடுத்த வழக்கில், 2025 நவம்பர் தீர்ப்பு பெரும்பாலும் கெட்டிக்குச் சாதகமாக இல்லை. இதற்கிடையே கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றிணையப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. விற்க இருக்கும் பெரிய கடைகளின் எண்ணிக்கை குறைந்தால் ராயல்டியில் பேரம் பேச இடம் இருக்காது.

ஏஐ பயிற்சிக்குத் தன் படங்கள் போகக் கூடாது என்று நினைக்கும் ஷட்டர்ஸ்டாக் பங்களிப்பாளர், கணக்கின் செட்டிங்ஸில் போய் விலகிக்கொள்ளலாம். அந்த பட்டன் படத்தை ஏற்றியவரின் கணக்கில்தான் இருக்கிறது. படத்தில் இருப்பவருக்குக் கணக்கே கிடையாது. கெட்டி 2022இல் வெளியிட்ட புதிய மாடல் ரிலீஸ் படிவத்தில் முகத்தின் பயோமெட்ரிக் தகவல் பற்றியும் சேர்த்திருக்கிறது. மன்னார்குடி சாலையோர வயலில் கையெழுத்து வாங்கப் போகிறவர், அந்தப் பத்தியையும் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.