பானெட் கார்டு: அவசியமா, அலங்காரமா?



ஆண்டு மலர் என்றாலே தாய்மையின் பெருமை, நேரத்தின் அருமை, நாளைய பாரதம் என்று எழுதுவதுதான் நம் வழக்கம். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பேரவையில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் துருப்பிடித்த விஷயம். பிக்கப் வண்டிக்கு பானெட் கார்டு போடலாமா, வேண்டாமா?

சிரிக்காதீர்கள்! நம்ம காஞ்சிபுரத்தில் எத்தனை வீட்டு அடுப்பு ஒரு பிக்கப் வண்டியை நம்பி எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, கல்யாணப் பந்தல் சாமான், உற்சவத்துக்கு வாழைமரம் எல்லாம் அதில்தான் போகிறது. அந்த வண்டிக்குச் செய்யும் செலவு சரியா, தண்டமா என்று யோசிப்பதும் படிப்புதானே?

எங்கள் வீட்டில் நெசவுதான் தொழில். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன வருஷம் என் தாய்மாமா தறியை நிறுத்திவிட்டு, அத்தையின் நகையை அடகு வைத்து, பழைய பொலிரோ பிக்கப் ஒன்று வாங்கினார். அடுத்த வாரமே அக்சஸரீஸ் கடைக்குப் போய் விலை விசாரித்தார். பானெட் முனையில் மாட்டும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை 1500 ரூபாய். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய் கார்டு 7500 ரூபாய். ஆக மொத்தம் 9000. மாமா என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, இது போட்டா பிரயோஜனம் இருக்கா இல்லியா, நீயே சொல்லு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் என் படிப்பை நம்பிக் கேட்ட முதல் கேள்வி அது. அப்பா ஒரு சேலையை நெய்து இறக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அந்தக் கூலி முழுசாகக் கைக்கு வந்தாலும் இந்தத் தொகைக்குப் பத்தாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட முடியுமா? "நாலு நாள் டைம் குடுங்க மாமா" என்றேன். அந்த நாலு நாளில் படித்தும் பட்டறையில் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பானெட்டுக்கு எதிரி யார்?

இரண்டு பேர். ஒன்று கல், இன்னொன்று பூச்சி.

பானெட் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பெனியில் பாஸ்பேட் தொட்டியில் முக்கி, அதன்மேல் மின்சார முறையில் அடிப்பூச்சு ஏற்றி, பிறகு பிரைமர், கலர், பல வண்டிகளில் மேலே பளபளப்புக்கு கிளியர் கோட் என்று பூசுகிறார்கள். இத்தனை அடுக்கும் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நம் நோட்டுத் தாள் ஒன்றிரண்டைச் சேர்த்து லேபில் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அதே தடிமன் வரும். அந்த ஒன்றிரண்டு தாள் தடிமன்தான் இரும்பையும் மழையையும் பிரித்து வைத்திருக்கிறது!

வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு போகிற ரோட்டில் ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் பின்னால் போனவர்களுக்குக் கல்லடி என்றால் என்ன என்று தெரியும். இங்கே நாம் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம் உதவுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. ஐந்து கிராம் கல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் சுமார் அரை ஜூல். அதே கல் 100 கிலோமீட்டரில் மோதினால் சுமார் இரண்டு ஜூல். பெயிண்ட் தெறிக்க அது போதும்.

அடுத்து பூச்சி. மழை விட்ட ராத்திரியில் ஈசல் கிளம்பினால் வண்டியின் முகம் முழுக்க அப்பிக்கொள்ளும். அப்படியே வெயிலில் காயவிட்டால் அதன் சாறு பெயிண்டை அரித்துக் கறையாக்கிவிடும்.

பட்டை என்ன செய்கிறது?

இந்தப் பட்டை அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நீண்ட நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுகிற வண்டிகளுக்குப் பழக்கமான சாமான். காற்றை மேல்நோக்கித் திருப்பி, பூச்சியைக் கண்ணாடிக்கு மேலே தூக்கிவிடும் என்பது கணக்கு. அதற்கு வேகம் வேண்டும். மூட்டை ஏற்றிக்கொண்டு, ராஜாஜி மார்க்கெட்டிலும் காந்தி ரோட்டிலும் முதல் கியர், இரண்டாம் கியரில் ஊர்ந்து போகிற வண்டியில் எந்தக் காற்று எதைத் தூக்கும்? கல் விஷயத்திலும் பட்டை காப்பாற்றுவது தான் மூடியிருக்கும் நாலு விரல் இடத்தை மட்டுமே. அதற்கு மேலே உள்ள பானெட்டும் கண்ணாடியும் கல்லுக்குத் திறந்த வாசல்தான்.

சரி, நாலு விரல் இடமாவது தப்பிக்கட்டுமே என்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் புழுதியும் ஈரமும் புகுந்துகொள்ளும், சீக்கிரம் காயாது. வண்டி ஓடும்போது பட்டை அதிர்ந்து, அந்தப் புழுதியையே எமரித் தாளாக்கிப் பெயிண்டைத் தேய்க்கும். பல கடைகளில் டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். துளை போட்ட இடத்தில் பச்சை இரும்பு வெளியே வந்துவிடும், பிறகு துருவுக்கு அழைப்பிதழ் வேண்டுமா? வெளியே பளபளப்பு, உள்ளே பழுப்பு!

எங்கள் அப்பா நெய்த சேலையின் மேல் வியர்வையும் தூசியும் படாமல் துணி போட்டு மூடி வைப்பார். ஆனால் தினமும் காலையில் அந்தத் துணியை எடுத்து உதறிவிட்டுத்தான் தறியில் உட்காருவார். மூடினால் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். பட்டையை மாட்டிவிட்டு ஐந்து வருஷம் திறந்தே பார்க்காமல் இருப்பதற்குப் பெயர் பாதுகாப்பு ஆகுமா?

இரும்புக் குழாய் விஷயம் வேறு

பட்டையால் நஷ்டம் நம் பாக்கெட்டுக்கு மட்டும்தான். இரும்புக் குழாய் கார்டு அப்படியல்ல, அது அடுத்தவன் உயிர் சம்பந்தப்பட்டது.

பம்பரும் பானெட்டும் மோதலில் ஓரளவு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஆள் மேல் வண்டி மோதினால், அமுங்கிக் கொடுக்கும் தகட்டில் படுகிற தலைக்கும் அசையாத குழாயில் படுகிற தலைக்கும் எவ்வளவு வித்தியாசம்! அந்தக் குழாயை நேராக சேஸில் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். அதனால் அடி நசுங்கும் பாகத்தைத் தாண்டி, நேராக சேஸுக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் போகிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரிய வேண்டிய நேரத்தையும் இது குழப்பலாம்.

இதனால்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இந்த கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு மாறானவை, மாட்டியிருப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள் என்றது. ஐரோப்பாவிலும் 2005-லேயே இத்தகைய முன்புறச் சட்டங்களுக்குத் தனி விதி போட்டுவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் கங்காரு குறுக்கே பாயும், ஊரே இல்லாத பாலைவன ரோட்டில் வண்டி நின்றுபோனால் ஆள் கதி அதோகதி. அங்கே அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நம்ம ஊரில் வண்டிக்கு முன்னால் வருவது யார்? வைகாசி கருட சேவைக்கு விடியற்காலையில் நடந்து வருகிற பாட்டி. 2019-இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது தெருக்களில் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் நின்றதே, அந்த ஜனம். பிக்கப் வண்டியின் கார்டு உயரம் பெரியவர்களுக்குத் தொடை, இடுப்பு. ஸ்கூல் பிள்ளைக்கு நெஞ்சு, தலை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

"மாடு குறுக்க வந்தா?"

மாமா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். மார்க்கெட்டில் ரிவர்ஸ் எடுக்கிறவன் இடித்தாலும், மாடு மோதினாலும் கார்டு இருந்தால் பம்பர், ஹெட்லைட் செலவு மிச்சமாகலாம், மறுக்கவில்லை. ஆனால் பம்பர் உடைந்தால் கடையில் வேறு பம்பர் கிடைக்கும். உடைந்தது ஒரு குழந்தையின் நெஞ்செலும்பு என்றால் எந்தக் கடைக்குப் போவது?

"கார்டு இருந்தா வண்டி கெத்தா இருக்கும்" என்று ஒரு நண்பன் சொன்னான். தவணை தவறாமல் கட்டி முடித்த வண்டியைவிடக் கெத்தான வண்டி உண்டா நண்பா?

அப்படியானால் என்னதான் செய்வது?

செலவில்லாத வழி நிறைய இருக்கிறது. டிப்பருக்குப் பின்னால் ஒட்டிப் போகாமல் இடைவெளி விட வேண்டும். டயர் கிளப்பும் கல் நம்மிடம் வருவதற்குள் ரோட்டில் விழுந்துவிடும். ஈசல் அப்பினால் காலையிலேயே நனைந்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். கல் தெறித்த இடத்தை அந்த வாரமே மெல்லிய எமரியால் தேய்த்து, பிரைமர் வைத்து, டச்-அப் பெயிண்ட் ஒரு சொட்டு வைக்க வேண்டும். ராத்திரி ராத்திரியாகப் பெங்களூர் ஹைவேயில் ஓடுகிறவர்கள் ஆசைப்பட்டால், துளை போடாமல் கிளிப்பில் மாட்டி, கழற்றிக் கழுவக்கூடிய பட்டையை வாங்கட்டும், மாதம் ஒருமுறை கழற்றட்டும். இரும்புக் குழாய் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல் ஏற்றியவன் தார்ப்பாய் போட்டு மூட வேண்டியதை விட்டுவிட்டு, பின்னால் வருகிறவன் எல்லாம் காசு கொடுத்துக் கவசம் மாட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்? மூட வேண்டியது டிப்பரை, பானெட்டை அல்ல!

நாலாம் நாள் மாமாவிடம் இதையெல்லாம் தாளில் வரைந்து காட்டினேன். மாமா அந்தப் பணத்தில் முன்சக்கர பிரேக் பேட் மாற்றினார். மீதியை நகைக் கடன் வட்டிக்குக் கட்டினார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் டிப்ளமோ நாம்தான். மோட்டார் வாங்குவதா, மிக்ஸி ரிப்பேர் பார்ப்பதா, வண்டிக்கு என்ன மாட்டுவது என்று நாளைக்கு எல்லோரும் நம்மைத்தான் கேட்பார்கள். கடைக்காரர் தன் சரக்கைப் புகழ்வார், அது அவர் பிழைப்பு. அளந்து பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. பரீட்சையில் எழுதுகிற சூத்திரத்தை நம் தெருவுக்கும் எடுத்து வருவோம்!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை