"பொறுத்துக்கோடி" என்று இனி சொல்ல மாட்டேன்

சென்ற இதழில் வடாம் மாவு கிளறும் பக்குவத்தைப் படித்துவிட்டுக் கடிதம் போட்ட சகோதரிகளுக்கெல்லாம் நன்றி. இந்தத் தடவை அடுப்படியை விட்டுவிட்டு, வீட்டில் நாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிற ஒரு விஷயத்தை எழுதப் போகிறேன். என் பெண்ணைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதும்மா, ஆனா என் பேரைப் போடாதே" என்றாள்.

அவளுக்கு இப்போது 19 வயது. 14 வயதிலிருந்தே மாதவிலக்கு வந்தால் மூன்று நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். வாந்தி வேறு. நானும் மோரில் வெந்தயம் போட்டுக் கொடுப்பேன். "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் உண்டு, பொறுத்துக்கோடி" என்பேன். ஒரு பரீட்சை சமயத்தில், "படிக்காததுக்கு இது ஒரு சாக்கா?" என்று அதட்டியும் இருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு சுருக்கென்கிறது.

போன வருஷம் அந்த நாளில் கக்கூஸில் மயங்கி விழுந்துவிட்டாள். மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துவது போல் வலித்ததாம். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வருஷமாக என்னிடம் சொல்லவில்லை. முதலில் பார்த்த டாக்டர், "கல்யாணம் பண்ணி வையுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். மனசு கேட்காமல் வேறொரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர்தான் பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாள் வலி, மாத்திரை போட்டால் அடங்குகிறதா, காலேஜுக்கு லீவு போட வேண்டியிருக்கிறதா, மலஜலம் போகும்போது வலிக்கிறதா என்று. பிறகு வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 4 செ.மீ. கட்டி. பழைய ரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறத்தில் இருப்பதால் இதைச் சாக்லேட் கட்டி என்பார்களாம். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாதாமாதம் உதிர்ந்து வெளியே வருவது அதுதான். அதைப் போன்ற திசு சினைப்பை, கருக்குழாய், கர்ப்பப்பையின் பின்புறம், குடல் என்று வெளியிடங்களில் வளர்ந்துவிட்டால் அதுவும் மாதாமாதம் கசியும். அந்த ரத்தம் வெளியேற வழியில்லை. அதனால் அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வலி அதனால்தான். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்யாணமோ பிரசவமோ இதற்கு மருந்தல்ல. சிலருக்கு ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அதற்காக வலி பொய்யாகிவிடாது.

ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குக் கை நடுங்கியது. "சின்ன பெண், கட்டியை எடுக்கும்போது நல்ல சினைமுட்டைகளும் குறையலாம், முதல்ல மாத்திரையைப் பார்ப்போம்" என்றார். தினம் ஒன்றாக டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை. சீட்டைப் பார்த்ததும் என் மாமியார், "கல்யாணமாகாத பொண்ணுக்கு ஹார்மோன் மாத்திரையா? விலக்கு நின்னா கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?" என்று பிடித்துக்கொண்டார். அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். "பாட்டி, படலமே மெலிஞ்சு போயிடும், தங்கறதுக்கு அங்கே எதுவும் இருக்காது" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

முதல் மூன்று மாதம் அவ்வப்போது துளித்துளியாகப் பட்டது. தலைவலியும் எரிச்சலும் இருந்தன. பிறகு படிப்படியாக வலி குறைந்தது. இந்த வருஷப் பரீட்சையை ஒரு நாள் விடாமல் எழுதினாள். முழுக்கக் குணம் என்று சொல்ல முடியாது. நிறுத்தினால் திரும்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கர்ப்பத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்று பல வழிகள் உண்டு. குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை உதவாது, அது கருத்தரிப்பையும் தடுக்கும். அவர்களுக்கு யோசனை வேறு. கர்ப்பப்பையையே எடுத்தாலும் வெளியே உள்ள திசு மிஞ்சியிருந்தால் வலி தொடரலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை:

* வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம்.

* டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வலி முற்றும் வரை காத்திராமல், ஆரம்பத்திலேயே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது.

* காலண்டரில் வலி வந்த நாளையும் அளவையும் குறித்து வையுங்கள். டாக்டரிடம் வாய் தடுமாறினாலும் காலண்டர் பேசும்.

வெந்தயம் சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் அது இந்த நோயைக் குணமாக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகு என் அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எனக்கும் இப்படித்தானேடி இருந்துது" என்றாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. எத்தனை விசேஷ வீடுகளில் ஒதுங்கி நின்றிருக்கிறாள்! அவளுக்கு இதே நோய்தானா என்று இனிமேல் யார் சொல்வது? ஆனால் ரத்த சம்பந்தத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்கிறார்கள். அன்றைக்கு அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பெண் மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்தால், "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே வலிக்குது, சொல்லும்மா" என்று கேளுங்கள்.