குளவியைக் காட்டி மனிதனைத் திட்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று நாளாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே காணொலி சுற்றுகிறது. எறும்புப் புற்றுக்குள் ஒரு கூட்டுப்புழுவின் உறை கிழிகிறது. எறும்பு வரவேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு குளவி வருகிறது. கீழே ஒரு வாசகம்: வடக்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் இப்படித்தானாம், நம் வாசனையைப் பூசிக்கொண்டு உள்ளே புகுந்து நம் பிள்ளைகளைத் தின்கிறார்களாம். 31 பேர் கைதட்டியிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேருக்கு உயிரியல் எடுத்தவன் நான்.

காணொலி பொய்யில்லை. யூகாரிட்டிடே என்ற குளவிக் குடும்பம் அது. 400க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் வெப்பமண்டலத்தில். தெரிந்தவரை எல்லாமே எறும்பின் குஞ்சுகளைத் தின்றுதான் வளர்கின்றன. ஆனால் அது உள்ளே போகிற விதத்தைக் கேளுங்கள். தாய்க்குளவி எறும்புப் புற்றுக்குள் போவதே இல்லை. இலையிலோ பூமொட்டிலோ முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் புழு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இரை தேடி வரும் எறும்பின் மேலோ, எறும்பு தூக்கிப்போகும் சின்னப் பூச்சியின் மேலோ அது தொற்றிக்கொள்ளும். உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது எறும்புதான். அங்கே ஓர் எறும்புப் புழுவில் ஒட்டிக்கொண்டு, அது கூட்டுப்புழு ஆகும்வரை காத்திருந்து, பிறகு உறிஞ்சித் தின்னும்.

இதில் வெளியூர்க்காரன் எங்கே வந்தான்? குளவி அதே காட்டில் பிறந்தது. பல கோடி ஆண்டுகளாக இந்தக் கதை அங்கேயே நடக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், எறும்பே குளவி வம்சத்திலிருந்து பிரிந்து வந்ததுதான். பங்காளிச் சண்டை என்றால்கூட ஓரளவு பொருந்தும்.

அந்த வாசனை விஷயத்துக்கு வருவோம். மெக்சிகோவில் கேப்ரியேலா பெரெஸ் லாஷோ, ழான் போல் லாஷோ இருவரும் பல ஆண்டுகளாக இந்தக் குளவிகளை ஆராய்கிறார்கள். எக்டடோமா என்ற எறும்பின் கூட்டில் பிறந்த குளவிகளை அவர்கள் குழு அந்த எறும்புகள் முன்னால் விட்டுப் பார்த்தது. குளவியின் மேல்தோல் வாசனை எறும்பின் வாசனையை ஒத்திருந்தாலும் முழுசாக ஒட்டவில்லை. எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன. கவ்விப் பிடித்து, ஐந்து நிமிடத்துக்குள் வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டன. 30 குளவிகளில் செத்தது 2. குளவிக்கு வேண்டியதும் அதுதான், வெளியே போனால்தானே இணை சேர்ந்து முட்டையிட முடியும்! 'வெளியே தள்ளு' என்று எழுதியிருக்கிற மாப்பிள்ளை இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

இன்னொன்று. அந்தப் புற்றில் குளவி ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை. உங்கள் தெரு அடுக்குமாடிக்குக் கம்பி கட்டியது யார்? திருப்பூர் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்ப்பது யார்? டெல்டாவில் நாற்று நடக்கூட இப்போது வங்காளத்திலிருந்து ஆள் வருகிறார்கள். தின்கிறார்கள் என்றீர்களே, அவர்கள் உழைத்துத்தான் தின்கிறார்கள், அதிலும் பாதியை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் துபாயிலிருந்து அனுப்புகிற மாதிரி.

'சார், அவர்களால் நம் ஆட்களுக்குக் கூலி குறைகிறதே' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதைக் கூலி கொடுப்பவரிடம் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948லேயே வந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே 1979ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதக் காணோம். பூச்சிப் படம் போடுவது சுலபம்.

'சும்மா தமாஷுக்கு' என்பவர்களுக்கு: 1966க்குப் பிறகு பம்பாயில் தென்னாட்டுக்காரர்களை இப்படித்தான் கேலி பேசினார்கள். அந்தக் கேலி கடை உடைப்பதில் போய் நின்றது. மாதுங்காவில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் நம் குடும்பக் குழுவிலேயே இருக்கிறீர்கள். 1994ல் ருவாண்டாவில் ஒரு வானொலி துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லியே பழக்கியது. சுமார் 100 நாளில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், அதிலும் நிறையப் பேரைக் கொன்றது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

முதலில் இதைப் பகிர்ந்த தம்பிக்கு ஒரு வேலை. பெயர் சொல்லமாட்டேன், உனக்கே தெரியும். காணொலியை அழிக்காதே, அருமையாக எடுத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டு இன்று ராத்திரிக்குள் மறுபடி போடு. எறும்பு குளவியைக் கவ்வி வெளியே தூக்கிப்போகிற காட்சி எங்காவது கிடைத்தால் அதையும் சேர்த்துப் போடு. நான் அதைப் படித்திருக்கிறேனே தவிர, இன்னும் பார்த்ததில்லை.