வீட்டுத் தோட்டம்: மண்ணுக்குள் உறங்கும் பூக்கள்



ஆள் இல்லாத வளவில் ரோஜா பட்டுப்போகும். கிழங்கில் உயிரை ஒளித்து வைத்திருக்கும் பூக்கள் அவ்வளவு இலேசில் போவதில்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், சுன்னாகம் உட்பட வலிகாமத்து மக்களும் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் திரும்பியவர்களில் பலரை வரவேற்றது பற்றைக்காடுதான். அப்படியான வளவைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் ஒரு கிழங்கு அகப்பட்டால் உடனே எறிந்துவிடாதீர்கள். அது உங்கள் உம்மாவோ, அவருடைய உம்மாவோ நட்ட பூவாக இருக்கலாம்.

குளிர் நாடுகளில் பனி விலகியதும் டியூலிப் பூக்கும். அதற்குக் கடும் குளிர் வேண்டும்; நமது செம்மண்ணில் நிலைக்காது. நம் ஊர்க் கிழங்குகள் வெயிலில் உறங்கி, மழையில் விழிப்பவை.

எது என்ன பூ?

மழை லில்லியின் கிழங்கு சின்ன வெங்காயம் போலிருக்கும். இலை புல்லைப் போல ஒடுங்கியது. நல்ல மழை பெய்த சில நாட்களில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும்.

அமரில்லிஸுக்குப் பெரிய வெங்காயம் அளவு கிழங்கு, பட்டி போன்ற அகன்ற இலை. பூத்தண்டை வெட்டினால் உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். விஷமூங்கிலும் பார்வைக்கு இதே இனம்தான். ஆனால் அதன் தண்டு உள்ளே நிறைந்திருக்கும், பூவிதழ்கள் ஒடுங்கி வெள்ளையாக விரியும்.

சம்பங்கி கொத்துக் கொத்தாகக் கிழங்கு வைக்கும். மாலையானால் மணமே அடையாளம் சொல்லிவிடும்.

கார்த்திகைப் பூவின் கிழங்கு கலப்பை போல இரு கிளையாக வளைந்திருக்கும். அதனால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். பூ மஞ்சளாய் விரிந்து சிவப்பாய் மாறும்.

கவனம்!

வெங்காயம் விளையும் ஊரில் இந்தக் கிழங்குகள் குசினிக்குள் வந்துவிடக் கூடாது. வெங்காயத்தை நசுக்கினால் அதன் மணம் வரும். மழை லில்லியில் அது வராது. வாயில் வைத்துச் சோதிக்கவே வேண்டாம். கார்த்திகைக் கிழங்கு கொடிய நஞ்சு. அதை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. உண்டு சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்குவதால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் இதை நடாதீர்கள். தொடும்போது கையுறை போடுங்கள்.

மீண்டும் பூக்க வைக்க

இலை மட்டும் செழித்துப் பூ வராவிட்டால் காரணம் பெரும்பாலும் மூன்று: கிழங்குகள் நெருங்கிவிட்டன, மர நிழல் விழுகிறது, அல்லது இலை பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட்டீர்கள். அடுத்த பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்கில் சேர்க்கிறது.

மாரி முடிந்து இலை தானாகப் பழுத்த பின் கிளறி எடுங்கள். அழுகி மெதுவானவற்றை நீக்கிவிட்டு, குட்டிக் கிழங்குகளைப் பிரித்துச் சில நாள் நிழலில் உலர்த்துங்கள். செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, வெயில் படும் இடத்தில் நடுங்கள். அமரில்லிஸின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மழை லில்லிக்கு 2 அங்குல ஆழம் போதும். கார்த்திகைக் கிழங்கைப் படுக்கையாக வையுங்கள். முளை அதன் நுனியில் இருப்பதால் நுனி முறிந்தால் முளைக்காது.

உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். கோடையில் கிணறு வற்றும் நம் ஊருக்கு இது நல்லதுதானே!

மழை காலத்தில் கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் கொண்ட புழுக்கள் இலையைத் தின்னும். காலையில் பொறுக்கி அழித்தால் போதும், மருந்து வேண்டாம்.

முதல் வருடம் பூ வராவிட்டால் மனம் தளர வேண்டாம். கிழங்கு பருக்க ஒரு மழைக்காலம் தேவை. நட்ட இடத்தில் ஒரு தடியை ஊன்றிப் பெயர் எழுதி வையுங்கள். இல்லையேல் கோடையில் வெறும் நிலமென்று யாராவது கொத்திவிடுவார்கள். மிஞ்சும் குட்டிகளை அயல் வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் வளவில் அழிந்தாலும் அங்கே அந்தப் பூ மிஞ்சியிருக்கும்.