கையோட கையா ஒரு கிளட்ச்

ரொம்ப நாளா இதை எழுதணும்னு மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், தள்ளிப் போயிட்டே இருந்தது. போன வாரம் மதியச் சாப்பாட்டு மேஜையில, புதுசா வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருத்தன் சொன்னான்: "அண்ணா, என் 370இசட்ல கிளட்ச் வழுக்குது. எப்படியும் கழட்டப் போறாங்க. கையோட கையா ஸ்டேஜ் 3 கிளட்ச் போட்டுடலாம்னு இருக்கேன்." சுத்தி இருந்த நாலு பேரும் "சூப்பர்டா"ன்னாங்க. எனக்குச் சோறு இறங்கலை.

ஏன்னா இதே "கையோட கையா"வை நம்பி, சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டவன் நான்.

கார்ப் பித்து இல்லாத மக்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நிஸான் 370இசட், அமெரிக்காவுல 2009 மாடல்ல இருந்து 2020 வரைக்கும் வித்த ரெண்டு சீட்டு வண்டி. 3.7 லிட்டர் வி6 எஞ்சின், 332 குதிரை. இப்போ செகண்ட் ஹேண்டுல, பொட்டி தட்டுற நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற ஸ்போர்ட்ஸ் கார்கள்ல ஒண்ணு. எஞ்சினோட சுத்துற ஃப்ளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற உராய்வுத் தட்டுதான் கிளட்ச். அது தேஞ்சா எஞ்சின் கத்தும், வண்டி நகராது. மாத்தணும்னா மொத்த கியர்பாக்ஸையும் கீழே இறக்கணும். நம்ம பிரச்சனையே இந்த "இறக்கணும்"லதான் இருக்கு.

முதல்ல இந்த "ஸ்டேஜ்" கதையை உடைச்சிடுவோம். ஸ்டேஜ் 1, 2, 3ன்னு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது மக்களே. ஒருத்தனோட ஸ்டேஜ் 2, இன்னொருத்தனோட ஸ்டேஜ் 3. பரோட்டாக் கடையில "ஸ்பெஷல்"னு போர்டு வைக்கிற மாதிரி, அவனவன் வைக்கிற பேர்தான்.

அடுத்து கணக்கு. மெக்கானிக்கல் படிச்சவங்க அந்த டிசைன் டேட்டா புக்கைத் தூசி தட்டுங்க. கிளட்ச் தாங்கக்கூடிய டார்க் = உராய்வுக் கெழு × அழுத்தும் விசை × சராசரி ஆரம் × உராயுற பக்கங்கள். இந்த எஞ்சினோட அதிகபட்ச டார்க் 366 நியூட்டன் மீட்டர். கெழு 0.3, ஆரம் 10 செ.மீ., பக்கம் ரெண்டுன்னு தோராயமா வெச்சுக்கிட்டா 6,100 நியூட்டன் போதும். அதாவது சுமார் 620 கிலோ எடை அழுத்துற அழுத்தம். வண்டி செஞ்சவன் இதுக்கு மேலேயும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஸ்பிரிங் போட்டிருப்பான். எஞ்சின் கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கிற வரைக்கும், வழுக்காத ஒரிஜினல் கிளட்ச் அனுப்புறதுக்கு மேல ஸ்டேஜ் 3 ஒரு குதிரை கூட அனுப்பாது. தொட்டியில இல்லாத தண்ணியைப் பெரிய குழாய் கொண்டுவராது.

சரி, தேவையே இல்லாம டார்க் தாங்குற திறனைக் கூட்டினா என்ன ஆகும்? ஸ்பிரிங்கோட விசையைக் கூட்டினா பெடல் கனக்கும், அதைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டருக்கும் சுமை ஏறும். உராய்வைக் கூட்ட செராமிக் வில்லைகள் போட்டா, மெதுவாப் பிடிக்கிற பேச்சே இல்லை. ஒண்ணு பிடிக்கும், இல்லேன்னா பிடிக்காது. நடுவுல கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கிறதுதான் சிக்னல்ல இருந்து வண்டியைக் குலுங்காம கிளப்புது. அதை எடுத்துட்டு "அப்கிரேட்"னு பேர் வெச்சா எப்படி?

இப்போ என் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி என் 370இசட்டும் வழுக்குச்சு. செராமிக் வில்லை வெச்ச ஸ்டேஜ் 3, கூடவே எடை குறைஞ்ச ஃப்ளைவீல், எல்லாம் ஆர்டர் போட்டேன். கழட்டின மெக்கானிக், "ஸ்லேவ் சிலிண்டர் பழசா இருக்கு, மாத்திடலாமே"ன்னார். நூத்தம்பது டாலருக்குள்ள முடிஞ்சிருக்கும். பட்ஜெட்டை ஏற்கெனவே ஃப்ளைவீல் தின்னுடுச்சு. "வேலை செய்யுதுல்ல, இருக்கட்டும்"னேன். நானேதான் சொன்னேன். வேற யார் மேலயும் பழி போட முடியாது.

வண்டி வந்துச்சு. சாயங்கால டிராஃபிக்ல 880 ஹைவேயில ஒரு மணி நேரம் ஊர்ந்தா இடது முழங்கால் கெஞ்சும். நியூட்ரல்ல பெடலை விட்டா, டப்பாவுல சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்குற சத்தம். ஒரிஜினல் ஃப்ளைவீல் ரெண்டு துண்டா இருந்து, நடுவுல ஸ்பிரிங் வெச்சு எஞ்சினோட அதிர்வை விழுங்கிட்டு இருந்தது. ஒத்தைத் துண்டு ஃப்ளைவீல் அதை அப்படியே கியர்பாக்ஸுக்குக் கொடுக்குது. "ரேஸ் கார் மாதிரி இருக்குல்ல"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

தங்கமணிக்கு அப்படிச் சொல்ல முடியலை. சனிக்கிழமை சனிக்கிழமையா காலி பார்க்கிங் லாட்ல பழகி, இந்த வண்டியிலதான் அவ கியர் போட்டு ஓட்டக் கத்துக்கிட்டா. ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டத் தெரிஞ்ச என் நண்பர்கள் முன்னாடி அவளுக்கு அதுல ஒரு தனிப் பெருமை. புது கிளட்ச் போட்ட மூணாவது வாரம், சான் ஃபிரான்சிஸ்கோ மேட்டுல ஒரு ஸ்டாப் சைன். மூணு தடவை வண்டி அணைஞ்சு போச்சு. பின்னாடி ஹாரன். வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில வெச்சா. "இது இனிமே உங்க வண்டி. நான் ஓட்டல." கோபமாக்கூடச் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ஒன்பது மாசத்துல ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகி, பெடல் தரையோட ஒட்டிக்கிச்சு. 350இசட்ல அது கியர்பாக்ஸுக்கு வெளியில இருக்கும். ரெண்டு போல்ட்டைக் கழட்டினா கையில வந்துடும். 370இசட்ல அது ரிலீஸ் பேரிங்கோட சேர்ந்து, உள்ளே ஷாஃப்டைச் சுத்தி உட்கார்ந்திருக்கு. திரும்பவும் கியர்பாக்ஸை இறக்கணும். 8 மணி நேரக் கூலி, ரெண்டாவது தடவை.

அந்த ஃப்ளைவீல் கணக்கையும் பார்த்துடுவோம். 10 செ.மீ. ஆரத்துல 5 கிலோ குறைச்சதா வெச்சுக்குங்க. முதல் கியர்ல மொத்த விகிதம் சுமார் 14. வண்டியில இருந்து 90 கிலோவை இறக்கி வெச்ச மாதிரி இருக்கும். அடேங்கப்பா! ஆனா ஆறாவது கியர்ல? 4 கிலோ. ஏன்னா அந்தப் பலன் விகிதத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கியர்லயே குடியிருக்கிறவனுக்குத்தான் அந்த 90 கிலோ. ஆபீஸ் போறவன் முதல் கியர்ல பண்றது ஒண்ணே ஒண்ணுதான்: மெதுவாக் கிளப்புறது. லேசான ஃப்ளைவீல் கெடுக்கிறதும் அதையேதான்.

ஆக, "கையோட கையா"ங்கிறதே தப்பா? இல்லவே இல்லை. எதுக்குச் சொல்றோம்கிறதுதான் தப்பு. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கியர்பாக்ஸ் இறங்கினாத்தான் இதுக்குக் கை எட்டுமா? ஆமான்னா மாத்துங்க. தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், உள்ளே இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர், பைலட் புஷ், ஃப்ளைவீல் போல்ட்டுகள் இதெல்லாம் இந்தக் கட்சி. எஞ்சினோட பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸோட முன்பக்க சீல் ரெண்டும் கசியுதான்னு பாருங்க. பத்து சொட்டு ஆயில் போதும், புதுத் தட்டைப் பாழாக்க. ஒரிஜினல் ஃப்ளைவீலை ஆட்டிப் பாருங்க. ரெண்டு துண்டுக்கும் நடுவுல அளவுக்கு மேல ஆட்டம் இருந்தாலோ, சூட்டுல நீலம் பாரிச்சிருந்தாலோ அதையும் மாத்துங்க.

மாஸ்டர் சிலிண்டர், ஸ்டீல் பின்னின ஹோஸ், எக்ஸாஸ்ட் எல்லாம் எதிர்க்கட்சி. அடுத்த வருஷம் தீபாவளிக்குக்கூட மாத்தலாம், எங்கேயும் ஓடிப் போகாது.

"அப்போ அப்கிரேடே வேணாமா?"ன்னு பின்னூட்டத்துல கும்ம வர்றவங்களுக்கு: சூப்பர்சார்ஜர் போட்டவரா? மாசாமாசம் டிராக்குக்குப் போறவரா? உங்களுக்கு நிஜமாவே பலமான கிளட்ச் வேணும், தாராளமா வாங்குங்க. நான் பேசுறது, வீட்டுல இருந்து ஆபீஸுக்கும் ஆபீஸ்ல இருந்து இந்தியன் ஸ்டோருக்கும் ஓட்டிட்டு, வாங்கின பாகத்தோட பேரைச் சொல்லி நெஞ்சு நிமித்துற என்னைப் போன்ற ஆளுங்களைப் பத்தி.

ரெண்டாவது தடவை ஒரிஜினல் வகை கிளட்ச், ரெண்டு துண்டு ஃப்ளைவீல், புது ஸ்லேவ் சிலிண்டர் போட்டேன். முதல் 500 மைல் விரட்டாம ஊருக்குள்ளேயே ஓட்டினேன். சாவி இப்போ மேஜையில பொதுவாக் கிடக்கு. தங்கமணி எடுத்தா. மேட்டுப் பக்கம் மட்டும் இன்னும் போகலை.

தம்பிகிட்ட இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "ஆனா கெத்தா இருக்காதேண்ணா"ன்னான்.

டிஸ்கி: ஸ்டேஜ் 3 கிளட்ச்சும் லேசான ஃப்ளைவீலும் ஒன்பது மாசமே ஓடின நிலையில என் கராஜ்ல தூங்குது. சூப்பர்சார்ஜர் வெச்சிருக்கிற புண்ணியவான் யாராவது வந்து தூக்கிட்டுப் போங்கப்பா. தம்பிக்கு மட்டும் கிடையாது :-)