ஹாலில் ஒரு தையல் மெஷின்

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார். வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. பத்து மணிக்கு மேல் கோப்பும் கையுமாக ஆட்கள் வந்துபோவார்கள். மூன்றாம் மாடியில் என் வாசலில் பலகை இல்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கவும் வாங்கவும் நாளுக்கு நாலைந்து பெண்கள் வருவார்கள், அவ்வளவுதான். 2012இல் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் எனக்குத்தான் வந்தது: குடியிருப்பில் வணிகம் நடத்துவது விதிமீறலாம்.

எந்த விதி என்று கேட்டேன். செயலாளருக்குத் தெரியவில்லை. நானே தேடிப் படித்தேன். 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னை இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகள், முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் ஆடிட்டர் போன்றோரின் ஆலோசனை அறைக்கு அப்போது இடம் தந்தன. 40 சதுர மீட்டருக்குள் அடங்கும் தையல் கடைக்கும் தந்தன. என் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

அடுத்து, சத்தம் என்றார்கள். இந்தக் கட்டடத்தில் விடிகாலை முதல் மிக்சியும் கிரைண்டரும் குக்கர் விசிலும் கேட்கின்றன. யாரும் கடிதம் எழுதியதில்லை. கூலி இல்லாமல் பெண் எழுப்பும் சத்தம் குடும்பச் சத்தம். அவளே நாலு காசுக்காக மெஷினை மிதித்தால் அது தொந்தரவு. பாய்லர் வைத்தால், சாயம் காய்ச்சினால் தடுங்கள், நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை பேர் வரலாம், எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். அதை ஆடிட்டருக்கும் சேர்த்து எழுதுங்கள்.

இதே வீடு வேறு இடத்தில் வேறு வேடம் போடும். திருப்பூர்ப் பக்கம் பனியன் பீஸ்களை வீட்டுக்கு வாங்கிவந்து பிசிர் வெட்டும் பெண்களைப் பாருங்கள். விளக்கு அவர்களுடையது, கத்தரி அவர்களுடையது, முதுகுவலியும் அவர்களுடையது. கூலியோ பீஸ் கணக்கு. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துத் தொழிலாளர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். தனியாக உட்கார்ந்து வெட்டுகிறவளை அது எப்படி எண்ணும்? வீட்டிலிருந்து கூலிவேலை செய்வோருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை. உரிமை கேட்டால் ‘இது வீடம்மா’ என்கிறார்கள், சம்பாதித்தால் ‘இது கடையா, வீடா?’ என்கிறார்கள்.

வீட்டிலிருந்தே தொழில் செய்யுங்கள் என்று நமக்கு மேடைதோறும் புத்தி சொல்கிறார்கள். தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் இயந்திரமும் கொடுக்கிறது. அதை எங்கே போட்டு மிதிப்பது என்பதையும் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

விதியின் பக்கங்களை நகலெடுத்துச் சங்கத்துக்குக் கொடுத்தேன். பதில் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் செயலாளர் வீட்டம்மா மூன்று ரவிக்கைத் துணியோடு வந்தார். அளவு எடுத்துக்கொண்டு, முன்பணமும் வாங்கிக்கொண்டேன்.